தளைநாரும் ஜெபமும்

எங்கள் பக்கத்தில் கவலைப்படாத மனிதனுக்கு நல்ல பெயர் கிடையாது. ‘அவனுக்கென்ன, எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி இருப்பான்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பெண்ணைப் பெற்றவன் கவலைப்பட வேண்டும், கடன் வாங்கியவன் கவலைப்பட வேண்டும், பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பியவன் கட்டாயம் கவலைப்பட வேண்டும். கவலைதான் பொறுப்பு, கவலைதான் பாசம். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் சிரித்துக்கொண்டு நின்றால் நாலு பேர் அவரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அந்தப் பொறுப்பில் நானும் யாருக்கும் குறைந்தவன் இல்லை. செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்த புதிதில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் சிலுவைக் குறி போட்டு, ‘மகள் கல்யாணச் செலவு’ என்று தலைப்பு எழுதினேன். நகை இத்தனை பவுன், பாத்திரம் இவ்வளவு, பந்தல், சமையல்காரர் கூலி, ஐயருக்குக் காணிக்கை என்று வரிசையாகக் கணக்கு. (எங்கள் சபைகளில் ஐயர் என்றால் போதகர். வெளியூர்க்காரர்கள் குழம்பிவிடக் கூடாது.) அப்போது எனக்கே கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மகள் பிறக்கவில்லை. பிறகும் பிறக்கவில்லை, இரண்டும் பையன்கள். ஆனாலும் பவுன் விலை ஏறும்போதெல்லாம் அந்த நோட்டை எடுத்து அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஒருநாள் அது என் மனைவி கையில் அகப்பட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிச்சமிருந்த பக்கங்களில் அவள் பால் கணக்கு எழுதினாள்.

எண்பதைத் தாண்டிவிட்டேன். சபையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், ஐயர் வராத ஞாயிறுகளில் நானே செய்துமிருக்கிறேன். ஆனாலும் கடவுளை நம்புவது என்றால் என்னவென்று யாராவது கேட்டால், அதில் ஒன்றும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. அப்பாவின் தளைநார்தான் வருகிறது, பனை ஏறும்போது காலில் மாட்டிக்கொள்கிற நார் வளையம்.

அப்பா பனையேறி. மாசியில் பாளை விட ஆரம்பித்தால் ஆவணி வரை காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். கிழக்கு வெளுக்குமுன்னே கிளம்பிவிடுவார். இடுப்பில் அருவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி, கலயத்தில் பூச சுண்ணாம்பு. பதநீர் சுமக்கக் குடத்தோடு நான் பின்னாலேயே ஓடுவேன். முதல் மரத்தடியில் நின்று தலைத்துண்டை அவிழ்ப்பார். மரத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு ஜெபம். உதடு அசைவது மட்டும் தெரியும். ஆமென் சொன்ன கையோடு தளைநாரை எடுத்து, முடிச்சு இருக்கிற இடத்தை விரலால் நெருடிப் பார்த்து, இரண்டு கையாலும் வெடுக்வெடுக்கென்று இழுத்துச் சோதிப்பார். ஒரு நார் பிரிந்திருந்தாலும் ஏறமாட்டார். உட்கார்ந்து முடைந்துவிட்டுத்தான் மறுவேலை.

சின்னப் பையனுக்கு அது பொருந்தவில்லை. “ஜெபம் பண்ணியாச்சே, அப்புறம் எதுக்கு இழுத்துப் பாக்குதிய?” என்று கேட்டேன்.

“ஏறுறது ஏசு சாமியால? நான்லா ஏறுதேன்” என்றார்.

ஞாயிறு பள்ளியில் இதைப் பெருமையாக ஒப்பித்தேன். உபதேசியார் முதலில் சிரித்துவிட்டார். பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றியிருக்க வேண்டும், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

ஆனால் மேலே போய்விட்டால் அப்பாவுக்கு நாரைப் பற்றிய நினைப்பே இருக்காது. காற்றில் மரம் ஆடும். அவர் பாட்டுக்குப் பாளையைச் சீவிக்கொண்டு கீர்த்தனை பாடுவார். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். பிற்காலத்தில் யோசித்துப் பார்த்தால், என் சுபாவம் அதற்கு நேர் தலைகீழ். இழுத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில் சோம்பிவிட்டு, பாட வேண்டிய நேரத்தில் நடுங்கிக்கொண்டிருப்பது. என்னைப் போன்றவர்கள்தான் ஊரில் அதிகம் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் விஷயம் வேறு. அவள் அப்பாவை விட ஒரு படி மேலே போனவள், அல்லது கொஞ்சம் பிடிவாதக்காரி. எது என்று இன்று வரை எனக்கு முடிவாகவில்லை.

எங்கள் நெல்லைச் சபைகளில் பெண்களுக்குக் கைப்பிடி அரிசிப் பழக்கம் உண்டு. உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டுவிடுவார்கள். அது ஊழியத்துக்கு. எங்கள் வீட்டில் தினமும் அரிசிச் சோறு பொங்க வசதி ஏது? கம்பு இடித்த அன்றைக்குக் கம்பு, கேப்பை என்றால் கேப்பை. எதுவானாலும் ஒரு கை அந்தப் பானைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைப்பெட்டியில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவாள்.

பனைத் தொழிலில் ஐப்பசியும் கார்த்திகையும் பொல்லாத மாதங்கள். மரம் ஓய்ந்துவிடும், கருப்பட்டி விற்ற காசு கரைந்துவிடும். வியாபாரியிடம் வரப்போகிற பருவத்துக் கருப்பட்டியைச் சொல்லி முன்பணம் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் மழையும் பொய்த்த ஒரு வருஷம் முன்பணமும் தீர்ந்துபோனது. வீட்டில் இருந்தது அந்தப் பானை அரிசி மட்டும். “அதை எடுத்துப் பொங்கும்மா, அடுத்த வாரம் போட்டுக்கலாம்” என்றேன்.

“அது நம்ம அரிசி இல்லய்யா” என்று சொல்லிவிட்டு, சுளகை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு அக்கா ஒரு படி அரிசி அளந்து கொடுத்தாள். அம்மா வந்து அடுப்பை மூட்டினாள். உலை கொதித்தது. அரிசியைக் களைந்து போடப் போனவள் ஒரு நிமிஷம் நின்று, அந்தக் கடன் அரிசியிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துப் பானையில் போட்டாள்!

எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பசி விடவில்லை.

வானத்திலிருந்து மன்னா விழுந்தது என்று இதை முடித்தால் சாட்சி சொல்கிற கூட்டத்தில் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் விழவில்லை. அரிசி கொடுத்த அக்கா வீட்டில் வருஷந்தோறும் சுடலைமாடனுக்குக் கொடை நடக்கும். ஜெபத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பருவம் முடிந்து அடுத்த பருவம் வந்த பிறகும் அவள் அந்த அரிசியைக் கேட்கவில்லை. அம்மா தானாகக் கொண்டுபோனபோது, “நீ எப்ப வாங்கின?” என்று தெரியாதது போலக் கேட்டாளாம். எங்கள் வீட்டுக்குக் கடவுள் அரிசி அனுப்பிய வழி அதுதான். இதை நான் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னபோது இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

இந்தப் பிடி அரிசியை லேசாக நினைத்துவிட வேண்டாம். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய நண்பர்களும் 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம் என்று தீர்மானம். நம் காசு என்றால் யார் காசு? சபையில் பாதிப்பேர் பனையேறிகளும் சின்னச் சம்சாரிகளும். அடுத்த ஐப்பசியை எப்படித் தாண்டுவது என்று தெரியாத வீடுகள் சேர்ந்து தெலுங்கு நாட்டில் டோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பின. 1912-இல் அசரியா அதே டோர்ணக்கலுக்குப் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். எங்கள் அம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. பானை நிறைந்ததா என்பது மட்டும் தெரியும்.

விசுவாசத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ஜார்ஜ் முல்லரை விடுவதில்லை. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். 1836-இல் வாடகை வீட்டில் ஆரம்பித்து, பிறகு ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள், இரண்டாயிரம் பிள்ளைகள் என்று வளர்ந்தது. யாரிடமும் பணம் கேட்டதில்லை, ஜெபித்தார், வந்தது. சாப்பாட்டு மேசையில் தட்டு காலியாக இருக்க, ரொட்டிக்காரர் கதவைத் தட்டினார், பால் வண்டி வாசலில் அச்சு முறிந்து நின்றது என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பால் வண்டியைச் சொல்கிறவர்கள் அவருடைய கணக்குப் புத்தகத்தை மட்டும் சொல்வதில்லை. வந்த ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்தவர் அவர். இத்தனை தட்டு, இத்தனை குவளை, இத்தனை கத்தி என்று பொருளாக வந்ததையும் எண்ணி எழுதி, வருஷா வருஷம் அச்சிட்டு ஊருக்குக் காட்டினார். அப்பா முடிச்சை நெருடிப் பார்த்ததுதான் அங்கே பேனாவும் மையுமாக நடந்திருக்கிறது.

அவரைப் பற்றி எனக்கு இன்னொன்று பிடிக்கும். இல்லம் தொடங்குமுன் வீட்டுக்காக ஜெபித்தார், பணத்துக்காக ஜெபித்தார், வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஜெபித்தார். எல்லாம் வந்தது. பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு என்று குறித்த நாளில் உட்கார்ந்து காத்திருந்தால் ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் வர வேண்டும் என்று ஜெபிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது! பிள்ளைகளுக்கா பஞ்சம் என்று இருந்துவிட்டார். மனிதர் இதை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். பிரசங்கிகள் இந்த இடத்தையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. என் சின்ன மகன் ஆற்றை ஒட்டிய ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். பாலம் மூழ்கியது, பஸ் இல்லை என்று செய்தி மட்டும் வந்தது. அவனைப் பற்றித் தகவல் இல்லை. ஊரில் இருந்த ஒரே தொலைபேசியும் செத்துக்கிடந்தது. ராத்திரி நானும் மனைவியும் முழங்கால் போட்டு ஜெபித்தோம். எழுந்ததும் அவள் பாயை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள். நன்றாகக் குறட்டை வேறு. எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற வயிறு இப்படித் தூங்குமா என்று திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்தே விடிய வைத்தேன்.

காலையில் அவள் எழுந்து முகம் கழுவினாள். இட்லி அவித்துப் பொட்டலம் கட்டினாள், ஒரு மாற்று வேட்டி எடுத்து வைத்தாள், “வாங்க, நடந்து போற வரைக்கும் போய்ப் பார்ப்போம்” என்றாள். எனக்குத் தலை சுற்றியது. எழுந்து நிற்க முடியவில்லை.

“நீங்க விடிய விடிய முழிச்சிருந்தியளே, ஆத்துல தண்ணி ஒரு அடி குறைஞ்சுதா?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவளும் அவள் தம்பியும் கிளம்பிப் போனார்கள். நான் வீட்டில் கிடந்தேன். பையன் பிழைத்திருந்தான், பள்ளிக்கூட மாடியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தானாம். இட்லிப் பொட்டலத்தை எட்டுப் பேர் பங்கு போட்டிருக்கிறார்கள்.

ஆற்றைப் பார்த்துக்கொள்வது கடவுள் பாடு; இட்லி அவிப்பது நம் பாடு. நான் ராத்திரி முழுவதும் அவர் வேலையைப் பார்க்கப் போய், விடிந்ததும் என் வேலைக்கு உதவாமல் போனேன். மலைப் பிரசங்கத்தில் நாளையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று இயேசு சொன்னதை நான் வெகு நாள் ஆறுதல் வார்த்தை என்றே நினைத்திருந்தேன். அதில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. இன்றைய பாட்டை இன்று பார் என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவின் மீன்பிடிக்காரர்களும் கூலிக்காரர்களும். பெட்டியில் பணம் வைத்திருப்பவர்களிடம் அதைச் சொல்வது சுலபம். அவர் சொன்னது வரி கட்டி நொடித்தவர்களிடம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் இல்லை. அந்த வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளும் உண்டு. அவர்களும் முழங்கால் போட்டவர்கள்தான். என் மகன் வந்தது என் மனைவியின் விசுவாசத்தால் என்று ஒரு ஊழியக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். அவள் காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு, அவர் போன பிறகு, “அப்ப அந்த வீட்டுக்காரிக்கு விசுவாசம் இல்லாமலா போச்சு?” என்றாள். டெலிவிஷனில் இப்போது கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு, விசுவாசித்தால் வீடு, ஜெபித்தால் கார் என்று கை நீட்டிப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர்களையெல்லாம் ஒருமுறை டோனாவூருக்கு அழைத்துப் போக வேண்டும். களக்காட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் போயிருக்கிறேன். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்து, கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கு 1901 முதல் அங்கே அடைக்கலம் கொடுத்தார். அவரும் பணத்துக்காக யாரிடமும் கை நீட்டாதவர். 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் கெட்டது. எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! அவர் குணமாகவில்லை. 1951 ஜனவரியில் கண்ணை மூடும் வரை, ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில். அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார், இல்லத்தை நடத்தினார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்துப் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டது கிடைக்காதபோதும் கொடுக்கிறவரை விட்டுப் போகாமல் இருப்பது ஒன்று உண்டு. அது எனக்கு வாய்த்ததா என்று தெரியாது. என் மனைவி கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோது அவளிடம் பார்த்தேன்.

2023 டிசம்பரில் மறுபடி வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தேரி மண் எவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும் என்று நம்பியிருந்த எங்களுக்கே வாசல் வரை வந்துவிட்டது. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. நான் ஜெபம் பண்ணிவிட்டு ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கினேன், நிஜமாகவே தூங்கினேன். ஊருக்கு வெளியே இருந்த என் பிள்ளைகள் இரண்டு பேரும்தான் கண்ணை மூடவில்லையாம். என் பழைய வியாதி எங்கும் போகவில்லை, சொத்தோடு சேர்த்து அவர்களுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

அதே ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றுபோனது. நூற்றுக்கணக்கான பயணிகள். சுற்றி இருந்த கிராமத்து ஜனங்கள், தங்கள் வீட்டில் தண்ணீர் நிற்கும்போதே, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். பேப்பரில் அதைப் படித்தபோது அந்தச் சுடலைமாடன் வீட்டு அக்கா அளந்து கொடுத்த அரிசியை நினைத்துக்கொண்டேன். அந்த ரயிலில் எத்தனை பேர் என்னென்ன சாமியைக் கூப்பிட்டார்களோ, பதில் சட்டியில்தான் வந்தது.

சபைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கவலையில் இருக்கிறவர் வீட்டுக்குப் போனால் வசனம் சொல்லுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அடுப்பங்கரைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள். அரிசி இல்லையென்றால் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்காருங்கள். மாத்திரையை நிறுத்து, விசுவாசி என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் நீங்கள் கூடப் போங்கள். ஜெபத்தை பஸ்ஸில் உட்கார்ந்தும் பண்ணலாம்.